தேவதை பெயரில் ஒரு பாட்டரி!

2018 நவம்பரில் "கஜா" புயல் வீசியது. கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்தன, மின்சாரம் நின்றது. இத்தகைய மலை ஊர்களுக்குக் கைகொடுக்கக்கூடிய பாட்டரி ஒன்று உண்டு.

அதன் உயிர், "வனேடியம்" என்ற உலோகம். இதன் கரைசல் ஊதா, பச்சை, நீலம், மஞ்சள் என்று நிறம் மாறும். அந்த அழகில் மயங்கிய சுவீடன் விஞ்ஞானி செப்ஸ்ட்ரோம், புராண அழகுத் தேவதை வனாடிசின் பெயரை அதற்குச் சூட்டினார். 1980-களில் ஆஸ்திரேலியப் பெண் விஞ்ஞானி மரியா ஸ்கைலஸ் கசாகோசின் குழு, இதைக் கொண்டு பாட்டரி செய்தது.

பழநிக்கு இரு மலைகளைக் காவடியாகச் சுமந்து வந்தான் இடும்பன். இந்தப் பாட்டரிக்கும் இரு தொட்டிகள்! இரண்டிலும் வனேடியக் கரைசல். பகலில் சூரிய மின்சாரத்தைச் சேமிக்கும்; இரவில் விளக்கெரிக்கும். நீர்க்கரைசல் என்பதால் எளிதில் தீப்பிடிக்காது. சுமார் 20 ஆண்டு உழைக்கும்.

ஆனால் இடம் அதிகம் வேண்டும், விலையும் அதிகம். தேவதை பெயர் மட்டும் போதுமா? விலை இறங்கினால்தான் பாட்டரி மலை ஏறும்!