35 அங்குல டயரின் மூன்று சுற்றளவுகள்

டெக்சஸில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என்னிடம் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் இருக்கிறது. கம்பெனியில் வந்த 275/65ஆர்18 டயர்களைக் கழற்றிவிட்டு 35 அங்குல டயர் போட்டேன். ஸ்பீடோமீட்டரில் 70 மைல் என்றால் ஜிபிஎஸ்ஸில் 76. மைலேஜும் இறங்கிவிட்டது. டியூனர் வாங்கினால் வேகம் சரியாகும், மைலேஜ் ஏறும், இழுவை கூடும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?"

டியூனர் என்பது வண்டியின் கம்ப்யூட்டரில் இருக்கும் எண்களை மாற்றி எழுதும் கருவி. வேகம் சரியாகும். மற்ற இரண்டையும் கொஞ்சம் உரசிப் பார்த்துவிட்டு நம்புவது நல்லது.

இந்த வகை வண்டிகள் பலவற்றில் வேகத்தை நேரடியாக அளக்க ஏற்பாடே கிடையாது. கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்டில் ஒரு பல்சக்கரம், அதன் பக்கத்தில் ஒரு சென்சார். பல் கடக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு கம்ப்யூட்டருக்குப் போகும். அதற்குத் தெரிந்தது அந்த எண்ணிக்கை மட்டும்தான். பூக்காரம்மா வெளியே முழம் போட, கணக்குப்பிள்ளை சுவருக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து குரலை மட்டும் கேட்டு எண்ணுவதுபோல. கை நீளமான வேறொருவர் வந்து முழம் போட ஆரம்பித்தால் எண்ணிக்கை மாறாது, பூ மட்டும் கூடுதலாகப் போகும். கணக்குப்பிள்ளைக்கு அது தெரிய வழியில்லை. டயரின் சுற்றளவுதான் அந்த முழம். பழைய டயரின் விட்டம் 32.07 அங்குலம், புதியது 35. முழம் 9 சதவீதம் நீண்டிருக்கிறது. வாசகரின் 70-க்கும் 76-க்கும் இடையில் இருப்பது அதுதான்.

ஷாஃப்டின் சுழற்சியைச் சக்கர அச்சுக்குக் கடத்தும் பல்சக்கர ஜோடியான கிரவுன்-பினியனின் விகிதம் இந்தக் கணக்கில் இன்னொரு அடுக்கு. 3.55 என்றால் ஷாஃப்ட் 3.55 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று வரும். ஒரு முழத்துக்கு மூன்றரை தடவைக்கு மேல் குரல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய டயருக்குத் தோதாக 4.10 விகிதத்துக்கு மாற்றுகிறவர்கள் அமெரிக்காவில் நிறைய. அப்படி மாற்றினால் பிழை எதிர்ப்பக்கம் திரும்பிவிடும்: மீட்டர் 70 காட்டும்போது வண்டி உண்மையில் 66-ல் போகும். டயரும் விகிதமும் ஒரே அளவில் கூடியிருந்தால், அதாவது 35 அங்குலத்துக்கு 3.87, எந்த அமைப்பையும் தொடாமலே மீட்டர் சரியாகவே காட்டும். வேகத்தைச் சக்கரத்திலேயே எண்ணும் வண்டிகளில் கிரவுன்-பினியனை மாற்றினாலும் ஸ்பீடோமீட்டர் அசையாது. ஆனால் கியர்பாக்ஸ் சொல்லும் எண்ணும் சக்கரம் சொல்லும் எண்ணும் ஒத்துப்போகாமல் கம்ப்யூட்டர் குழம்பும். டியூனர் இரண்டு எண்களையும் தனித்தனியாகக் கேட்பது அதனால்தான்.

வரலாறு என்று பெரிதாக ஒன்றுமில்லை. காந்தம் சுழன்று முள்ளை இழுக்கும் ஸ்பீடோமீட்டருக்கு ஜெர்மானியர் ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-ல் காப்புரிமை பெற்றார். கேபிள் காலத்து வண்டிகளில் டயரை மாற்றினால் கியர்பாக்ஸில் விரலளவு பிளாஸ்டிக் பல்சக்கரத்தையும் மாற்றுவார்கள். 1996-லிருந்து அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கும் இலகுரக டிரக்குகளுக்கும் ஓபிடி-2 என்ற கோளாறு கண்டறியும் அமைப்பு கட்டாயமானது. டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் அதன் சாக்கெட்டில்தான் டியூனரைச் செருகுகிறார்கள்.

சரி, டியூனரில் எந்த எண்ணைப் போடுவது? 35 அங்குலம் என்பது 889 மில்லிமீட்டர். பையால் (π) பெருக்கினால் 2,793 மி.மீ. ஆனால் வண்டியின் பாரத்தில் டயரின் அடிப்பாகம் அமுங்கியிருக்கிறது. சக்கரத்தின் நடுவிலிருந்து தரைக்கு 16.4 அங்குலம்தான் என்று வைத்துக்கொண்டால், அந்த ஆரத்துக்கு 2,617 மி.மீ. வரும். இரண்டுமே தவறு! வண்டியைத் தள்ளி அளந்தால் ஒரு சுற்றுக்கு 2,711 மி.மீ. அளவில் வரும். ரேடியல் டயரென்றால் விட்டத்தைப் பையால் பெருக்காதே, 3.05-ஆல் பெருக்கு என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு.

இந்த 3.05 எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம். ரேடியல் டயரில் ரப்பர் கட்டைகளுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை ஒன்று சுற்றிலும் ஓடுகிறது. ரப்பர் அமுங்கும், வளையும், பிதுங்கும். எஃகுப் பட்டையின் நீளம் அநேகமாக மாறாது. முழம் போடும் கையில் சதை அமுங்கலாம், எலும்பு குறையுமா? தரையைத் தொடும் இடத்தில் டயர் தட்டையாகும்போது வெளி ரப்பர் நெருங்கிச் சுருங்குகிறது. அங்கே தரையில் படிவது பட்டையின் நீளம்தான். 2,793-க்கும் 2,711-க்கும் உள்ள வித்தியாசம் 82 மி.மீ. அதை இரண்டு பையால் வகுத்தால் 13 மி.மீ. பட்டை ரப்பருக்குள் ஏறக்குறைய அந்த ஆழத்தில்தான் புதைந்திருக்கிறது. பிரிக்காமல், அறுக்காமல், உருட்டி அளந்த ஓர் எண்ணிலிருந்து டயரின் உள்ளமைப்பே தெரிந்துவிடுகிறது. மணலில் ஓட்ட டயரின் காற்றைப் பாதியாக இறக்குவார்கள். சக்கரத்தின் நடு நன்றாகத் தாழும், ஒரு சுற்றுக்குப் போகும் தூரமோ கொஞ்சம்தான் குறையும். அந்தக் கொஞ்சத்தைக் கண்டுபிடித்தே சில வண்டிகள் "காற்று குறைவு" என்று விளக்கைப் போடுகின்றன.

மைலேஜுக்கு வருவோம். ஓடோமீட்டரும் அதே துடிப்பைத்தான் எண்ணுகிறது. உண்மையில் கேலனுக்கு 18 மைல் போகும் வண்டி, திருத்தாத கணக்கில் 16.5 போவதாகத் தெரியும். டியூனரில் டயர் அளவைச் சரிசெய்த அன்றே 18 வந்துவிடும். ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட மிச்சமாகியிருக்காது. இந்த 9 சதவீதத்தைத் தங்கள் சரக்கின் மகிமையாகச் சொல்லி விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம். கனமான, அகலமான டயரால் உண்மையாகவே ஏற்படும் நஷ்டம் அப்படியேதான் இருக்கும். வெளியேற்றக் கட்டுப்பாட்டை அணைத்து இழுவை கூட்டுகிறேன் என்று வரும் டியூனர்களோ, அமெரிக்கச் சுத்தக் காற்றுச் சட்டப்படி சட்டவிரோதமானவை.

டயர் பெரிதானதால் தரையைத் தள்ளும் விசை எட்டு சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. அதை எந்த எண்ணாலும் திருப்பிவிட முடியாது, 4.10 கிரவுன்-பினியன் திருப்பித் தரும். பிரேக்குக்கு அந்த உதவியும் கிடையாது. அதே வேகத்தில் அதே தூரத்தில் நிற்க, பிரேக் இப்போது 9 சதவீதம் கூடுதலாகத் திருக வேண்டும். டயரின் கூடுதல் எடை அதற்கு மேல். விற்பவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

வாசகர் செய்ய வேண்டியது இதுதான். சமதரையில் டயரின் அடியிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, ஓட்டுநரோடும் வழக்கமான பாரத்தோடும் பத்துச் சுற்று உருட்டி, தூரத்தைப் பத்தால் வகுங்கள். டியூனர் சுற்றளவைக் கேட்டால் வந்ததை அப்படியே போடலாம். விட்டத்தைக் கேட்டால் முதலில் கம்பெனி டயருக்கு அதில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 32.1 என்றிருந்தால் பட்டைக் கணக்கை அது தானே போட்டுக்கொள்கிறது, 35 என்றே கொடுக்கலாம். 31.1 என்றிருந்தால் 34 கொடுக்க வேண்டும்.