பாட்டிலின் வயதைச் சொல்லும் கோடு!

அமெரிக்காவில், உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, பழைய வீடுகளின் கழிவறைக் குழிகளைத் தோண்டுபவர்கள் உண்டு. தேடுவது தங்கத்தை அல்ல... பழைய பீர் பாட்டில்களை! குப்பை வண்டி வராத காலத்தில், காலி பாட்டில்கள் அந்தக் குழிகளில்தான் விழுந்தன.

கிடைத்த பாட்டிலுக்கு என்ன வயது? பக்கவாட்டில் ஓடும் அச்சுக் கோட்டைத் தடவிப் பார்க்கிறார்கள். கோடு வாய்க்குக் கீழேயே நின்றுவிட்டால், வாய்ப்பகுதி கையால் செய்யப்பட்டது. விளிம்புவரை ஏறினால், இயந்திரத்தில் செய்தது. பாட்டில் செய்யும் தானியங்கி இயந்திரத்தை மைக்கேல் ஓவன்ஸ் உருவாக்கியது 1903-ல்.

ஆலையின் பெயரும் ஊரும் புடைப்பெழுத்தில் இருந்தால் மவுசு அதிகம். காரணம் இருக்கிறது. 1920-ல் வந்த மதுவிலக்கு 13 ஆண்டுகள் நீடித்தது. அப்போது மூடிய சிறு ஆலைகள் பல, திரும்பத் திறக்கவே இல்லை. அவற்றின் பெயரை இன்றும் சுமந்துகொண்டிருப்பது, குழியில் வீசப்பட்ட இந்தக் கண்ணாடிதான்!