பிக்கப் வண்டிக்குக் கூடுதல் பட்டை போடலாமா? தோட்டப் பாதைக்கு ஏற்ற ஸ்பிரிங் அமைப்பு

தக்காளி, முட்டைக்கோஸ், பூ என எதை விளைவித்தாலும், தோட்டத்திலிருந்து மண்டி வரை சொந்த பிக்கப் வண்டியிலேயே கொண்டுபோகும் விவசாயிகள் இன்று அதிகம். வண்டி வாங்கிய கையோடு பலரும் செய்யும் வேலை ஒன்று உண்டு. பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகப் போடுவது. "லோடு ஏத்தினா பின்னாடி உட்காருது" என்பது காரணம். போட்ட பிறகு வண்டி உட்காருவதில்லை. ஆனால் வேறு இரண்டு தொல்லைகள் வந்து சேரும். மண்பாதையில் வெறும் வண்டி தவளை மாதிரி குதிக்கும். வரப்பைக் குறுக்காகத் தாண்டும்போது ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்று சும்மா சுழலும்.

இதைச் சரிசெய்ய ஸ்பிரிங்கை எப்படி மாற்றலாம், எதை மாற்றவே கூடாது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

சக்கரம் ஏன் அந்தரத்தில் நிற்கிறது?

உங்கள் டிராக்டரின் முன் ஆக்ஸிலைப் பாருங்கள். நடுவில் ஒரு பின்னில் தொங்கி, இரண்டு பக்கமும் ஆடும். ஒரு சக்கரம் வரப்பில் ஏறினாலும் மற்றது பள்ளத்தில் இறங்கி மண்ணைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஸ்பிரிங்கே இல்லாமலும் டிராக்டரின் நான்கு சக்கரமும் நிலத்தில் பதிகின்றன.

பிக்கப்பில் அந்த ஆட்டத்தை ஸ்பிரிங் பட்டைதான் கொடுக்க வேண்டும். ஒரு பக்கப் பட்டை நன்றாக மடங்கி, மறுபக்கப் பட்டை நன்றாக விரிந்து இறங்கினால் சக்கரம் தரையை விடாது. பட்டை விறைப்பாக இருந்தால் விரிய முடியாமல் சக்கரம் தூக்கிக்கொள்ளும். சாதாரண டிஃபரன்ஷியலில், பிடிமானம் இல்லாத சக்கரம் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான் மறு சக்கரமும் இழுக்கும். அந்தரத்தில் நிற்கும் சக்கரத்துக்கு இழுவை கிட்டத்தட்ட பூஜ்யம். ஆகவே மண்ணில் நிற்கும் சக்கரத்துக்கும் பூஜ்யம்தான். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராது.

எண்ணிக்கையைவிடத் தடிமன் முக்கியம்

பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். கணக்காகச் சொன்னால் 8 மி.மீ. பட்டைக்கு 8 × 8 × 8 = 512. 10 மி.மீ. பட்டைக்கு 10 × 10 × 10 = 1000. தடிமன் 2 மி.மீ. கூடியதற்கே விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது.

உங்கள் வண்டியில் 8 மி.மீ. பட்டை ஐந்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 10 மி.மீ. பட்டை இரண்டு சேர்த்தால் விறைப்பு முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். வெறும் வண்டியின் எடை அந்தக் கட்டை அசைக்கக்கூட முடியாது. குலுக்கல் எல்லாம் நேராகச் சட்டத்துக்கும், அதன் வழியாக உங்கள் தக்காளிக் கிரேட்டுக்கும் போகும். மண்டியில் மேல் அடுக்குக் கிரேட்டைத் திறந்ததும் காய் கன்னிப்போயிருக்கிறது என்று விலை குறைப்பார்கள். அந்த நட்டத்தைப் பலரும் ரகத்தின் மீதோ பறித்த ஆளின் மீதோ போடுகிறார்கள். பட்டையைச் சந்தேகிப்பவர் குறைவு.

இதே கணக்கு நமக்கு ஒரு வழியையும் காட்டுகிறது. ஒரு 10 மி.மீ. பட்டைக்குப் பதிலாக இரண்டு 8 மி.மீ. பட்டை போட்டால் விறைப்பு 1024, அதாவது முன்பு இருந்த அதே அளவுதான். ஆனால் மெல்லிய பட்டை அதிகம் வளைந்தாலும் உடையாது. தடித்த பட்டை முறியும் நிலைக்கு வரும் வளைவைவிடக் கால் பங்கு அதிகமாக இது வளைந்து கொடுக்கும். மேடுபள்ளப் பாதையில் ஓடும் வண்டிக்குத் தடிப்பட்டை குறைவாகவும் மெல்லிய பட்டை அதிகமாகவும் இருப்பது நல்லது என்பது இதனால்தான். பட்டையின் நீளமும் அப்படியே வேலை செய்யும். நீளம் பத்தில் ஒரு பங்கு கூடினால் விறைப்பு கால் பங்கு குறையும். ஆனால் நீளத்தை மாற்ற பிராக்கெட்டுகளை நகர்த்தி வெல்டு வைக்க வேண்டிவரும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் துருவைக் கழற்றுங்கள்

புதிதாக எதையும் வாங்கும் முன் இருக்கும் கட்டைச் சரிபாருங்கள். நான் பார்த்தவரை, 'ஸ்பிரிங் விறைப்பா இருக்கு' என்று சொல்லப்படும் வண்டிகளில் பாதிக்கு இதுவே போதும்.

பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று சறுக்கினால்தான் கட்டு வளையும். வயல் சேறும் மழைநீரும் இடையில் புகுந்து துருப்பிடித்தால் ஐந்து பட்டையும் ஒட்டிக்கொண்டு ஒரே தடிப்பட்டை போல நடந்துகொள்ளும். கட்டைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் ஒவ்வொரு பட்டையையும் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் மெல்லியதாகத் தடவி மாட்டச் சொல்லுங்கள். முனைகளில் ரப்பர் அல்லது நைலான் பேடு இருந்த வண்டியானால் புதிய பேடு போட வேண்டும். சென்டர் போல்ட்டைக் கழற்றும் முன் கட்டைக் கிளாம்பில் பிடிப்பது கட்டாயம். இல்லாவிட்டால் பட்டை தெறித்து ஆளை அடிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போவதும் வேண்டாம், சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள்.

பழைய இன்ஜின் ஆயிலைப் பட்டை மேல் பூசும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதில் தூசி ஒட்டி உப்புத்தாள் போலப் பட்டையைத் தேய்க்கும். ரப்பர் புஷ் ஊறிக் கெடும். பிரேக் டிரம்மில் வழிந்தால் இன்னும் ஆபத்து. அதை விட்டுவிடுங்கள்.

அடுத்து ஷேக்கிலைப் பாருங்கள். பட்டை மடங்கும்போது அதன் நீளம் கூடும், விரியும்போது குறையும். அந்த வித்தியாசத்துக்கு ஆடி இடம் கொடுப்பது ஷேக்கில்தான். அதன் பின் இறுகிப்போனால் எவ்வளவு நல்ல பட்டை போட்டாலும் பயனில்லை. கிரீஸ் நிப்பிள் இருந்தால் கிரீஸ் உள்ளே இறங்குகிறதா என்று பாருங்கள். புஷ் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பு பட்டையைக் கடித்துக்கொண்டிருக்கக் கூடாது. அதற்காகக் கிளிப்பையே கழற்றி எறியவும் கூடாது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது மற்றப் பட்டைகளையும் சுமையில் பங்கெடுக்க வைப்பது அதுதான். கிளிப்பு இல்லாவிட்டால் மெயின் பட்டை தனியாகச் சுமந்து முறியும்.

வேலைக்கு முன்னும் பின்னும் ஒரு சின்ன அளவெடுப்பு செய்தால் பலன் தெரியும். சமதரையில் வெறும் வண்டியை நிறுத்தி, ஒரு பின்சக்கரத்தை மட்டும் கனமான மரக்கட்டை மேல் மெதுவாக ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் சக்கர மையத்திலிருந்து பாடியின் அடி விளிம்பு வரை டேப்பால் அளந்தால், இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசமே ஆட்டத்தின் அளவு. துரு எடுத்த பிறகு அதே கட்டையில் ஏற்றினால் வித்தியாசம் கூடியிருக்கும்.

லோடுக்கு என்ன செய்வது?

போகும்போது லோடு, வரும்போது காலி என்று ஓடும் வண்டிக்கு ஹெல்பர் பட்டைதான் பொருத்தம். இது கட்டின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கும். காலி வண்டியில் முனைகள் எதையும் தொடாது. லோடு ஏறி வண்டி இறங்கிய பிறகுதான் பிராக்கெட்டைத் தொட்டு வேலை செய்யத் தொடங்கும். காலியில் மிருது, லோடில் விறைப்பு என்று இரண்டும் கிடைக்கும். முன்பு கூடுதலாகப் போட்ட தடிப்பட்டைகளைக் கழற்றிவிட்டு, கம்பெனி அளவுக் கட்டுடன், உங்கள் மாடலுக்கு ஹெல்பர் உண்டென்றால் அதைப் போடுங்கள். சில வண்டிகளில் அது ஏற்கெனவே இருக்கும்.

ஹெல்பர் போட்டாலும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடைதான் எல்லை. பட்டை தாங்கினாலும் ஆக்ஸில், பேரிங், டயர், பிரேக் ஆகியவை அதே பழையவைதான். மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவின்படி கூடுதல் லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். ஆர்.சி. விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றுவதை 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

வண்டியை மிருதுவாக்க வேண்டும் என்று கம்பெனிக் கட்டிலிருந்தே ஒரு பட்டையை உருவிவிடுகிறவர்களும் உண்டு. அது வேண்டாம். மீதிப் பட்டைகள் மேல் சுமை கூடும். பிரேக் பிடிக்கும்போது ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு பட்டை 'எஸ்' எழுத்துபோல் வளையும். பரபோலிக் பட்டை உள்ள வண்டியில் இடையில் சாதாரணப் பட்டை செருகுவதும் தவறு. அந்தப் பட்டைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால்தான் அவை சரியாக வேலை செய்யும்.

பிரேக்கை மறக்காதீர்கள்

பெரும்பாலோர் கவனிக்காத விஷயம் இது. பல பிக்கப் வண்டிகளில் பின் ஆக்ஸிலுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு மெல்லிய கம்பி போகும். அது லோடு சென்சிங் வால்வின் கம்பி. லோடு ஏறிப் பாடி இறங்கினால் கம்பி அசைந்து, பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை வால்வு கூட்டும். வண்டி காலியாக இருந்தால் பின்சக்கரம் லாக் ஆகி வழுக்காமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும்.

இப்போது கூடுதல் பட்டை போட்ட வண்டியை நினைத்துப் பாருங்கள். முழு லோடு ஏறியும் பாடி இறங்கவில்லை. வண்டி காலி என்றே வால்வு கணக்குப் போடும். பின் பிரேக் பாதிதான் பிடிக்கும், முன் பிரேக் எல்லாச் சுமையையும் தாங்கிச் சூடேறும். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கமிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு சேலத்துக்குத் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் போகிறவர்களுக்கு இதன் பொருள் சொல்லாமலே புரியும். பட்டையில் எந்த மாற்றம் செய்தாலும், மெக்கானிக்கிடம் இந்த வால்வைக் கம்பெனி அளவுக்குச் செட் செய்யச் சொல்லுங்கள். கம்பி உடைந்ததென்று கட்டுக்கம்பியால் கட்டிவைத்து ஓட்டாதீர்கள்.

அதே நேரத்தில் ஷாக் அப்சர்பரையும் பிரேக் ஹோஸையும் பாருங்கள். ஆக்ஸில் முன்பைவிட அதிகம் இறங்கும்போது ஷாக் முழுதாக நீண்டு இழுபடவோ ஹோஸ் விறைக்கவோ கூடாது. அப்படியானால் ஆட்டம் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

தேய்ந்து தட்டையான பட்டையைச் சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றித் தருவார்கள். செலவு குறைவு, ஆனால் சில மாதங்களில் மீண்டும் படுத்துவிடும். பட்டையைச் சிவக்கக் காய்ச்சி வளைத்தால், பிறகு எண்ணெயில் குளிரவைத்து மறுபடி 400 முதல் 500 டிகிரி சூட்டில் பதப்படுத்த வேண்டும். அந்த வசதி இல்லாத பட்டறையில் காய்ச்ச விடாதீர்கள், புதுப் பட்டை வாங்குவதே மேல். பட்டையில் வெல்டு வைப்பதும் கேஸ் கட்டரால் ஓட்டை போடுவதும் அந்த இடத்திலேயே முறிவுக்கு நாள் குறிப்பது போல.

உடைந்த பட்டை கையில் இருந்தால் உடைந்த இடத்தைக் கவனியுங்கள். சென்டர் போல்ட் ஓட்டையில் முறிந்திருந்தால் பெரும்பாலும் யூ போல்ட் தளர்ந்திருந்ததே காரணம். பட்டை மேல் பட்டை போட்டாலும் அது மறுபடி அங்கேயே முறியும். கட்டைக் கழற்றிய பிறகு பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாமல் புதியது போடுங்கள். லோடுடன் 100 கி.மீ. அளவுக்கு ஓடியதும் ஒருமுறை கொண்டுபோய் இறுக்கிக்கொள்ளுங்கள். புதுப் பட்டை படிந்ததும் நட்டு கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.