கருப்பைப் புற்றுநோய்: சத்திரசிகிச்சைக்குப் பின்னர்

எங்கள் அளவெட்டியில் ஒருவர் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பினால், அயலவர் கேட்கும் முதற் கேள்வி, "எல்லாம் எடுத்தாயிற்றோ?" என்பதே. "ஓம், எடுத்தாயிற்று" என்ற விடை கிடைத்ததும் யாவரும் ஆறுதலடைந்துவிடுவர். குடல்வால் நோய்க்கு அவ்விடை போதும். கருப்பைப் புற்றுநோயிலே சில வகைகளுக்கு அது போதாது. நான் மருத்துவம் கற்றவள் அல்லேன். எனினும், வைத்தியர் சொல்வதற்கும் வீட்டார் விளங்கிக்கொள்வதற்கும் இடையே எவ்வளவு தூரம் உண்டென்பதைப் பல குடும்பங்களிற் கண்டவள் என்ற முறையில் இதனைப் பேசத் துணிந்தேன்.

கருப்பையின் உட்படலத்தில் தோன்றும் புற்றுநோய்களுட் பெரும்பாலானவை மெல்ல வளர்வன. தொடக்கத்திலேயே கண்டு கருப்பையை அகற்றினால், பெரும்பாலோர் நலம் பெறுவர். ஆயின், சீரஸ் வகை, கிளியர் செல் வகை, கார்சினோசார்கோமா என்பன அத்தகையன அல்ல. சீரஸ் வகை இந்நோய்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 10 வீதமே. எனினும், இந்நோயால் நேரும் மரணங்களுள் ஏறத்தாழ 40 வீதத்திற்கு அதுவே காரணம். கருப்பைத் தசையை ஆழமாகத் துளைக்காமலே, அதன் அணுக்கள் கருக்குழாய் வழியே வயிற்றறையினுட் சென்று படிந்துவிடக்கூடும் என்பதே அதன் கொடுமை.

இங்கே "ஆரம்ப நிலை" என்னுஞ் சொல் பலரை மயக்கிவிடுகின்றது. நிலை என்பது நோய் எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்பதைக் காட்டும். வகை என்பது அது எத்துணை விரைவிற் செல்லும் இயல்பினது என்பதைக் காட்டும். முதலாவதைக் கேட்டு மகிழ்ந்து இரண்டாவதைக் கேளாது விடுதல் கூடாது. மகளிர் மருத்துவச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 2023ஆம் ஆண்டில் நிலைகளைத் திருத்தியபோது, இத்தீவிர வகைகள் தசையினுட் சிறிதளவே புகுந்திருந்தாலும் அவற்றை இரண்டாம் நிலையிற் சேர்த்தது. அகற்றிய உறுப்பை நுணுக்குக்காட்டியிற் பார்த்து எழுதப்படும் அறிக்கையே இவற்றையெல்லாம் கூறும். அது வருவதற்குச் சில நாட்கள், சிலவேளை சில வாரங்கள் செல்லும். தையல் ஆறிவிட்டது என்று அதனைக் கேட்கப் போகாதிருப்போரும் உளர்!

அறிக்கையைப் பார்த்தபின் வைத்தியர் கார்போபிளாட்டின், பக்கிளிட்டாக்சல் என்னும் மருந்துகளை மூன்று வாரத்திற்கு ஒருமுறை ஏற்றுமாறு கூறலாம், கதிர்ச்சிகிச்சையும் சேர்க்கலாம். போர்டெக்-3 என்னும் ஆய்வில், கதிர்ச்சிகிச்சையோடு மருந்தும் பெற்ற சீரஸ் வகை நோயாளர், கதிர்ச்சிகிச்சை மட்டும் பெற்றோரைக் காட்டிலும் நெடுங்காலம் வாழ்ந்தனர். மருந்து ஏற்றும் காலத்தில் இரத்தத்தின் வெண்கலங்கள் குறையும். அப்போது காய்ச்சல் 38 பாகையை எட்டினால், மல்லித்தண்ணீர் அவித்துக் கொடுத்துக் காத்திராமல், அன்றே, இரவாயினும், வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். பத்தியம் என்று மீனையும் முட்டையையும் மறுக்கும் வழக்கத்தையும் நான் ஏற்பதில்லை. மெலிந்த உடம்பு மருந்தைத் தாங்குவது அரிது.

நோய் மீளுமாயின் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளிலேயே மீளும். ஆதலால் அக்காலத்தில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு ஒருமுறையும் வைத்தியர் பார்ப்பது வழக்கம். ஒவ்வொரு முறையும் ஸ்கான் எடுப்பர் என்று எண்ண வேண்டாம். கேட்டறிதலும் உடலைப் பரிசோதித்தலுமே முதன்மையானவை. உட்பரிசோதனைக்கு நாணி, "எனக்கு ஒன்றுமில்லை" என்று கூறித் திரும்பும் தாய்மாருக்குப் பெண் துணையொருவர் உடன் செல்லுதல் நன்று. பெண் வைத்தியர் வேண்டுமென்று கேட்பதிலும் பிழையில்லை. கதிர்ச்சிகிச்சை பெற்றோருக்கு யோனிப் பகுதி சுருங்கக்கூடும்; அதனைத் தடுக்கும் சிறு கருவியின் பயன்பாட்டைத் தாதியர் கற்பிப்பர். கணவனை இழந்தவருக்கு அது எதற்கு என்று சிலர் கேட்பர். பின்னர் வைத்தியர் உட்பகுதியைப் பார்ப்பதற்கும் அது உதவும் என்பதே விடை.

கருப்பையில்லாத உடம்பிலே மீண்டும் குருதி கசிந்தால் அது மாதவிடாயன்று. வயிறு ஊதுதல், இடுப்பில் நீங்காத வலி, ஒரு கால் வீங்குதல், விடாத இருமல், காரணமின்றி மெலிதல் ஆகிய எதுவாயினும், குறித்த தவணை இரண்டு மாதம் கழித்து இருந்தாலும் அதுவரை பொறுத்தல் ஆகாது.

தூரம் என்ற காரணமும் எம்மவர்க்கு இப்போது குறைந்துள்ளது. ஒருகாலத்தில் இந்நோய்க்காக மகரகமைக்குப் பயணஞ் செய்து அலைந்தோர் பலர். 2011ஆம் ஆண்டில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பணத்தைக் கொண்டு கட்டிய புற்றுநோய் வைத்தியசாலை, 2013இல் அயலூராகிய தெல்லிப்பழையிலே திறக்கப்பட்டது. திருவிழாவென்றும் அறுவடையென்றும் அங்கே போகும் நாளைப் பிற்போடுவோர்தாம் குறையவில்லை.

கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் நோயின் வகை, சத்திரசிகிச்சை செய்த நாள், கடைசி மருந்து ஏற்றிய நாள் மூன்றையும் வைத்தியரிடம் கேட்டு எழுதிவையுங்கள். கனடாவிலோ இலண்டனிலோ உள்ள பிள்ளைகளிடம் போகும் தாயார், அறிக்கையின் பிரதியொன்றைக் கைப்பையிலேயே கொண்டு செல்லட்டும்; அங்குள்ள வைத்தியர் முதலிற் கேட்பது அதைத்தான்.