கடலைத் தோலை ஊதித் தள்ளாதீங்க!

சாயங்கால நேரம். முறத்தில் வறுத்த வேர்க்கடலை சுடச்சுடக் கிடக்கிறது. உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, 'ஃபூ' என்று ஊதினால் சிவப்புத் தோல் முற்றமெங்கும் பறக்கிறது. ''தோலோட தின்னா பித்தம்டா!'' என்று பாட்டியின் அதட்டல் வேறு. பாதாம் என்றால் ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் தோலை உரித்துக் குப்பையில் போடுகிறோம். உங்கள் வீட்டிலும் இதே கதைதானே?

அப்படி என்னதான் இருக்கு அந்தத் தோலில்?

பூச்சி, பூஞ்சையிடமிருந்து விதையைக் காப்பாற்ற, 'பாலிஃபீனால்' என்ற பொருட்களைச் செடி தோலில்தான் சேர்த்து வைக்கிறது. கடலைத் தோலை மென்றால் நாக்கில் துவர்க்கிறதே, அது இவற்றின் வேலைதான். தேயிலையில் இருக்கும் 'கேட்டச்சின்' இதிலும் உண்டு. பாதாமின் எடையில் தோல் வெறும் 4 முதல் 8 சதவிகிதம்தான். ஆனால், அதன் பாலிஃபீனால்களில் பெரும்பகுதி அந்த மெல்லிய தோலில்தான் இருக்கிறது.

சரி, தின்றதெல்லாம் உடம்பில் ஒட்டுமா?

அதுதான் விஷயமே! வயிற்றுக்குள் போவது வேறு, ரத்தத்தில் சேருவது வேறு. கேட்டச்சின் போன்ற சின்ன மூலக்கூறுகளில் ஒரு பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிக்கொள்கிறது. உடனே குடல் சுவரும் கல்லீரலும் அவற்றை உருமாற்றுகின்றன. சில மணி நேரத்திலேயே அவற்றில் பெரும்பாலானவை சிறுநீரில் போய்விடுகின்றன.

துவர்ப்பு தரும் பெரிய மூலக்கூறுகளோ சிறுகுடலில் உறிஞ்சப்பட முடியாமல் பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே கோடானுகோடி பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. அவை உடைத்துப் போடும் சின்னச் சின்னத் துண்டுகள்தான் ரத்தத்தில் சேருகின்றன. வால்நட் தோலில் உள்ள பொருளை 'யூரோலித்தின்' ஆக மாற்றுவதும் இந்தப் பாக்டீரியாக்களே. அந்த வகை பாக்டீரியா எல்லோர் குடலிலும் இருப்பதில்லை. அதனால், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் கணவனுக்குக் கிடைப்பது மனைவிக்குக் கிடைக்காமல் போகலாம்!

இது மருந்தா?

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2005-ல் பாதாம் தோலை ஆராய்ந்தார்கள். அதன் சத்துகள் வைட்டமின் 'சி', 'இ'-யோடு சேரும்போது, கெட்ட கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம் அடைவது தாமதமாவதைக் கண்டார்கள். நல்ல செய்திதான். ஆனால், அது ஹாம்ஸ்டர் என்ற சிறு பிராணியிடமும், சோதனைக்குழாயில் மனித ரத்தக் கொழுப்பிலும் பார்த்தது. ஆகவே, 'தோல் பொடி சாப்பிடுகிறேன்' என்று சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள். அது விபரீதம்!

இதையும் கவனியுங்கள்

* ரத்தசோகை உள்ளவர்கள் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துத் தோலுள்ள கடலை சாப்பிட வேண்டாம். துவர்ப்புப் பொருள் இரும்பு சேருவதைக் குறைக்கும்.

* பூஞ்சை பிடித்த, நிறம் மாறிய, கசக்கும் கடலையை யோசிக்காமல் வீசுங்கள். அதிலிருக்கக்கூடிய 'அஃப்ளடாக்ஸின்' கல்லீரலுக்கு எமன். வறுத்தாலும் முழுசாகப் போகாது.

* கடலை அலர்ஜி உள்ளவர்கள் தோலையும் தொடவே கூடாது.

* 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும்.

மற்றபடி, பயமே வேண்டாம். ஒத்துக்கொள்பவர்கள் ஒரு கைப்பிடி கடலையைத் தோலோடு நன்றாக மென்று சாப்பிடுங்கள். நார்ச்சத்தும் கிடைக்கும், பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கும் தீனி கிடைக்கும். தோலுக்கென்று தனிச் செலவும் இல்லை, ஊதுகிற வேலையும் மிச்சம்!