தார் ரோட்டில் தார் இல்லை!

போன மழைக்காலத்தில் கேளம்பாக்கத்தில் ஒரு பள்ளத்தை மூடினாங்க. ரெண்டே வாரத்தில் அது பெயர்ந்துடுச்சு. சிதறிக் கிடந்த ஜல்லியில் என் பைக் சறுக்கி, முழங்கை தோல் உரிஞ்சு போச்சு. புகார் எழுத உட்கார்ந்தேன். "ரோடு சரியில்லை" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வரலை. பக் ரிப்போர்ட்டில் "வேலை செய்யலை"ன்னு மட்டும் எழுதினா கடுப்பாகிற ஆளு நான்! அதனால்தான் இந்த எபிசோட்.

முதல்ல தார். நிலக்கரியைக் காற்றில்லாமல் சூடாக்கும்போது கிடைப்பதுதான் உண்மையான தார். நம்ம ரோட்டில் இருப்பது பிட்டுமன். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கடைசியில் மிஞ்சுகிற கருப்புப் பசை அது.

அதுக்கு ரெண்டு விதமான பெயர் இருக்கு. பழைய முறையில் 60/70, 80/100 என்பாங்க. 25 டிகிரியில் ஒரு ஊசி 5 விநாடியில் எவ்வளவு இறங்குதுன்னு, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கணக்கில் அளப்பாங்க. எண் கூடினா பசை இளகல். இப்போ விஜி-10, விஜி-30, விஜி-40. இது பாகுத்தன்மையை வைத்து வந்த பெயர். இதில் எண் கூடினா பசை கெட்டி. அதாவது வெர்ஷன் மாறினப்போ அர்த்தம் தலைகீழாயிடுச்சு!

அடுத்து கல். முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி என்பதெல்லாம் அங்குலக் கணக்கு. முக்கால்னா சுமார் 20 மில்லிமீட்டர், ஒன்றரைன்னா 40. ரோட்டின் மேல் அடுக்கில் எடைப்படி பிட்டுமன் சுமார் 5 சதவீதம்தான். மீதியெல்லாம் ஜல்லியும் கல்தூளும்தான். அந்த 5 சதவீதம்தான் எல்லாத்தையும் பிடிச்சு வைக்குது. கல்மேல் தூசியோ ஈரமோ இருந்தா பிடிப்பு குறையும். அப்புறம் தண்ணீர் உள்ளே போய், கல்லில் இருந்து பசையைப் பிரிச்சுடும். இதுக்குப் பேர் ஸ்டிரிப்பிங்.

இப்போ நம்ம பள்ளத்துக்கு வருவோம். பள்ளத்தின் ஓரத்தைச் செங்குத்தா வெட்டி, சுத்தம் பண்ணி, காயவைக்கணும். பிறகு மெல்லிசா பிட்டுமன் குழம்பு தெளிக்கணும். பழைய அடுக்கையும் புது அடுக்கையும் ஒட்டவைக்கிற அந்தத் தெளிப்புதான் டாக் கோட். அதுக்கு அப்புறம்தான் சூடான கலவையைக் கொட்டி ரோலர் ஓட்டணும். தண்ணீர் நிற்கிற குழியில் அப்படியே கலவையைக் கொட்டினா, எந்த கிரேடு பிட்டுமனாலும் காப்பாத்த முடியாது.

புகாரை மறுபடி எழுதினேன்: "பள்ளத்தைக் காயவைத்தீர்களா? டாக் கோட் அடித்தீர்களா? எந்த கிரேடு பிட்டுமன்?" பதில் இன்னும் வரலை. ஆனா இந்த முறை, "பார்க்கிறோம்" என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாத மூணு கேள்வி அதில் இருக்கு. உங்க தெருப் பள்ளத்துக்கும் இதையே கேளுங்க மக்களே!