உண்ணிக் காய்ச்சலும் ரத்த அணுவுக்குள் நிகழும் போராட்டமும்

கறவைப் பசு ஒன்று திடீரெனத் தீனியை வெறுத்து, பால் குன்றி, உடற்சூடு 105 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் ஏறி, மூத்திரமும் சிவந்து காப்பி நிறமாகக் காணுமாயின், அஃது உண்ணிக் காய்ச்சலாக இருத்தல் கூடும். ஜெர்ஸி, பிரீசியன் முதலிய சீமை இனங்களும் அவற்றின் கலப்புப் பசுக்களும் இந்நோய்க்கு எளிதில் இரையாகின்றன; நாட்டு மாடுகள் பெரும்பாலும் தாங்கிக் கொள்ளுகின்றன. ஆதலின், கலப்புப் பசுக்களை நம்பி ஜீவிக்கும் குடியானவர்கள் இதன் தன்மையை அறிந்திருத்தல் அவசியமாகும்.

இந்நோய்க்குக் காரணம் பேபீசியா என்னும் ஓரணுக் கிருமி. 1888-ம் ஆண்டில் ருமேனியா தேசத்தில் விக்டர் பாபெஷ் என்பவர் மாடுகளின் சிவப்பணுக்களில் இதனைக் கண்டார். 1893-ல் அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித், கில்போர்ன் ஆகிய இருவரும், இக்கிருமியை மாடுகளுக்குக் கொண்டு செல்வது உண்ணியே என நிலைநாட்டினர். தாய் உண்ணியின் முட்டை வழியாக அதன் குஞ்சுகளுக்கும் கிருமி இறங்குகிறது என்பது கவனிக்கத் தக்கது.

சிவப்பணு கிருமிக்குச் சுகமான வீடு என்று எண்ணுதல் தவறு. அது இரும்பும் பிராணவாயுவும் நிறைந்த இடம். இரும்பு ஈரக் காற்றுப் பட்டுத் துருப்பிடித்தல் யாவரும் அறிந்ததே. சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினிலும் அதை ஒத்த மாறுதல் இடையறாது சிறுகச் சிறுக நிகழ்கிறது. அதனால் ஹைட்ரஜன் பெராக்ஸைடு போன்ற, உயிரணுவை அரிக்கும் பொருள்கள் பிறக்கின்றன. இது போதாதென்று, மாட்டின் மண்ணீரல் முதலிய இடங்களிலுள்ள காவல் அணுக்களும் இத்தகைய பொருள்களை உமிழ்ந்து கிருமியைக் கொல்ல முயலுகின்றன.

இவ்விரு ஆபத்துக்களையும் கிருமி எவ்வாறு சமாளிக்கிறது? பெராக்ஸைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் என்னும் நொதி சிவப்பணுவில் உண்டு. பேபீசியாவில் அஃது இல்லை. அதற்குப் பதிலாகப் பெராக்சிரெடாக்சின் என்னும் புரதம் கிருமியைக் காக்கிறது. இப்புரதம் நெருப்பின்மேல் கொட்டும் தண்ணீர்க் குடம் போன்றது. காலியான குடத்தை மறுபடி நிரப்புவது தயோரெடாக்சின் என்னும் மற்றொரு புரதம். இக்கிருமிக்கு உறவான மலேரியாக் கிருமியோ, தான் தங்கிய சிவப்பணுவின் பெராக்சிரெடாக்சினையே எடுத்துத் தனக்குக் காவலாக வைத்துக் கொள்ளுகிறது. இஃது 2009-ல் வெளியிடப்பட்டது. மனிதருக்கு மலேரியாவில் கொடுக்கப்படும் ஆர்ட்டிமிசினின் என்னும் மருந்து, ரத்தத்தின் இரும்பினாலேயே தூண்டப்பட்டுக் கிருமியைச் சிதைக்கின்றது. கிருமியின் காவல் எல்லையற்றதன்று என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் மாடு பிழைத்தவுடன் கிருமி முற்றிலும் ஒழிந்தது என்று கொள்ளலாகாது. மேற்கூறிய காவலோடு, தன் புறவேடத்தை மாற்றிக் கொள்ளும் திறமையும் கிருமிக்கு உண்டு. ஆகவே குணமடைந்த மாட்டின் ரத்தத்தில் சொற்ப அளவில் அது நெடுநாள் தங்கியிருத்தல் கூடும். அம்மாட்டைக் கடிக்கும் உண்ணி மீண்டும் நோயைப் பரப்பும். வெளியில் நலமாகத் தோன்றும் மாடு, பக்கத்துக் கொட்டிலின் கறவைப் பசுவிற்கு எமனாக முடிவதும் உண்டு.

எனவே குடியானவர்கள் செய்ய வேண்டுவன: காய்ச்சல் கண்ட அன்றே கால்நடை வைத்தியரை அழைத்து, மருந்திடுமுன் ரத்தம் எடுத்துச் சோதிக்கச் செய்தல் வேண்டும். டைமினாசின், இமிடோகார்ப் ஆகிய ஊசி மருந்துகள் தக்க சமயத்தில் போடப்பட்டால் பலன் தரும். சிவப்பணுக்கள் பெருமளவு அழிந்தபின் மருந்து மட்டும் போதாது. காதின் உட்புறம், மடி, வாலடி, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் உண்ணி உள்ளதா என்று அடிக்கடி பார்த்தல் வேண்டும். வயிறு நிறைந்து உதிரும் பெண் உண்ணி ஒன்று 2,000-க்கும் மேற்பட்ட முட்டைகள் இடும். ஆதலால் கொட்டிலின் சுவர் வெடிப்புக்களை அடைத்துத் துப்புரவாக வைத்தல் நலம். உண்ணி மருந்தை வைத்தியர் சொன்ன அளவிலேயே உபயோகித்தல் வேண்டும். வெளியூர்ச் சந்தையில் வாங்கிய மாட்டைச் சில வாரம் தனியே கட்டி, உண்ணி நீக்கியபின் மந்தையில் சேர்த்தல் உத்தமம்.

அணுவுக்குள் நிகழும் போர் கண்ணுக்குப் புலனாவதில்லை. உண்ணியோ கைக்கு எட்டும். எட்டுவதை இன்றே களைதல் பசுவைக் காக்கும்.